பழைய ஒலிபெருக்கிகள்: வாங்குதலும் பேணுதலும்

பல ஆண்டுகள் பயன்பட்ட ஒலிபெருக்கிகளைக் குறைந்த விலையில் வாங்கி, தேவைப்பட்டால் சீர்செய்து பயன்படுத்துவது இசை ஆர்வலர்களிடையே பல நாடுகளில் உள்ள வழக்கமாகும். கைபேசி, கணினி போன்ற கருவிகள் பத்தாண்டுகளில் பயனற்றுப் போகின்றன. முறையாகச் செய்யப்பட்ட ஓர் ஒலிபெருக்கியோ நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நன்றாக ஒலிக்கக்கூடியது.

பல வீடுகளின் பரணில் ஒரு சோடி பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் கிடப்பதுண்டு. கூம்பின் ஓரம் பொடியாக உதிர்ந்திருப்பதைப் பார்த்து, "ஸ்பீக்கர் போய்விட்டது" என்று அவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே கெட்டிருப்பது ஒரு பஞ்சு வளையம் மட்டுமே. காந்தம், கம்பிச்சுருள், கூம்பு, மரப்பெட்டி ஆகியவை நல்ல நிலையில் இருக்கும். எதற்கு வயதாகும், எதற்கு ஆகாது என்று அறிந்தவர் குறைந்த செலவில் தரமான ஒலியைப் பெறலாம். அறியாதவர் நல்ல பொருளை எறிந்துவிடவோ, கெட்ட பொருளுக்குப் பணம் கொடுக்கவோ நேரிடும்.

இக்கட்டுரை, தனி ஆம்ப்ளிபயரால் இயக்கப்படும் வீட்டு ஒலிபெருக்கிகளைப் பற்றியது.

இயங்கும் விதம்

ஒலிபெருக்கியின் நடுவே ஒரு நிலைக்காந்தம் உள்ளது. அக்காந்தத்தின் குறுகிய இடைவெளியில், வாய்ஸ் காயில் எனப்படும் மெல்லிய கம்பிச்சுருள் எதிலும் உரசாமல் நிற்கிறது. ஆம்ப்ளிபயரிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டம் சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டப்பட்ட கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதுவே ஒலியாகிறது.

கூம்பை இரண்டு உறுப்புகள் தாங்குகின்றன. வெளி ஓரத்தில் சரவுண்டு எனப்படும் விளிம்பு வளையம் உள்ளது. உள்ளே, சுருளுக்கு அருகில், ஸ்பைடர் எனப்படும் மடிப்புத் துணி உள்ளது. இவ்விரண்டும் சேர்ந்தே சுருளை இடைவெளியின் நடுவில் நிறுத்துகின்றன.

வீட்டுப் பெட்டிகளில் பொதுவாகத் தாழ்ந்த ஒலிகளுக்கு வூஃபரும், உயர்ந்த ஒலிகளுக்கு ட்வீட்டரும் இருக்கும். எந்த அதிர்வெண் எதற்குச் செல்ல வேண்டும் என்று பிரித்து அனுப்பும் சிறிய மின்சுற்றுக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர்.

நூறாண்டாக மாறாத அமைப்பு

இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை 1925 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் வெளியிட்டனர். அசையும் சுருள், கூம்பு, காந்தம் என்ற அந்த அமைப்பே இன்றுவரை பெரும்பான்மை ஒலிபெருக்கிகளில் தொடர்கிறது.

1954 இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர், முற்றிலும் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே சுருள்வில் போலப் பயன்படுத்தும் முறையை அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏஆர்-1 மாதிரியில் கொண்டுவந்தார். அதனால் சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த தாழொலி கிடைத்தது. 1961 இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீலும், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் வெளியிட்ட ஆய்வுகள், பெட்டியின் அளவையும் வூஃபரின் இயல்பையும் கணக்கிட்டுப் பொருத்த வழிசெய்தன. இன்றும் வூஃபரின் விவரத்தாளில் காணப்படும் தீல்-ஸ்மால் அளவுருக்கள் அவர்கள் பெயரால் வழங்குபவை.

ஆகவே 1970களுக்குப் பின் வந்த நல்ல ஒலிபெருக்கிகள் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டவை. அதன் பின்னர் மூலப்பொருள்களிலும், கணினிவழி வடிவமைப்பிலும், அளவீட்டு முறைகளிலும் முன்னேற்றங்கள் ஏற்பட்டுள்ளன. ஆயினும் அன்று உயர்தரமாகச் செய்யப்பட்ட ஒன்று, இன்று மலிவாகச் செய்யப்படும் ஒன்றைவிடச் சிறந்து விளங்குவதில் வியப்பில்லை.

வயதாகும் உறுப்புகள்

*விளிம்பு வளையம்:* 1970கள் முதல் பல வூஃபர்களில் பாலியூரிதேன் பஞ்சு வளையங்கள் பயன்பட்டன. காற்றின் ஈரமும் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களும் இப்பஞ்சைச் சிதைக்கின்றன. பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகளில் அது பிசுபிசுத்து, பின் உதிர்ந்துவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். பயன்படுத்தாமல் மூடி வைத்திருந்தாலும் பஞ்சு கெடும். இரப்பர் வளையங்கள் நெடுநாள் உழைக்கும். சில காலப்போக்கில் விறைத்துப் போகலாம். பூச்சிட்ட துணி வளையங்களே மிக நீண்ட ஆயுள் கொண்டவை.

*மின்தேக்கிகள்:* கடைகளில் கண்டென்சர் என்று வழங்கும் இவை கிராஸ்ஓவரில் உள்ளன. செலவைக் குறைக்கப் பல நிறுவனங்கள் எலக்ட்ரோலிட்டிக் வகையைப் பயன்படுத்தின. இவற்றின் உள்ளே உள்ள மின்பகுளி இருபது முப்பது ஆண்டுகளில் உலரக்கூடும். அப்போது கொள்ளளவு மாறும், உள்மின்தடை கூடும், ட்வீட்டரின் ஒலி மங்கும். பிலிம் வகை மின்தேக்கிகளுக்கு இச்சிக்கல் மிகக் குறைவு.

*ட்வீட்டர்:* 1970களிலிருந்து பல ட்வீட்டர்களில் சுருளைக் குளிர்விக்கவும் அதிர்வைக் கட்டுப்படுத்தவும் காந்தத் திரவம் இடப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகிக் கூழாகலாம். மேலும், ட்வீட்டரின் கம்பி மிக மெல்லியது என்பதால், அதிக ஒலியளவில் ஆம்ப்ளிபயர் திணறும்போது முதலில் கருகுவது பெரும்பாலும் அதுவே.

*காந்தம்:* பெரைட் காந்தங்கள் தம் வலிமையை நெடுங்காலம் இழப்பதில்லை. அதற்கு முன் பெரிதும் பயன்பட்ட அல்நிக்கோ காந்தங்கள், சுருளில் பாயும் கடுமையான மின்துடிப்புகளால் ஓரளவு வலுவிழக்கலாம். 1970களின் இறுதியில் கோபால்ட்டின் விலை ஏறியதால் பல நிறுவனங்கள் அல்நிக்கோவிலிருந்து பெரைட்டுக்கு மாறின.

*பெட்டி:* மரத்துகள்களை அழுத்திச் செய்யும் பலகை நீர் பட்டால் உப்பிவிடும். உப்பிய பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. ஒட்டுப்பலகை இதைவிட உறுதியானது. கரையானும் எலியும் பெட்டிக்குப் பெரும் பகை.

பெயர்பெற்ற சில மாதிரிகள்

*ஏஆர்-3:* 1958 இல் வெளிவந்தது. குவிமாட வடிவ ட்வீட்டரை வீட்டு ஒலிபெருக்கிகளில் அறிமுகப்படுத்தியது. இதன் வூஃபரில் துணி வளையம் இருந்தது. இதன் வழிவந்த ஏஆர்-3ஏ மாதிரியின் பிற்காலப் பெட்டிகளில் பஞ்சு வளையம் வந்தது. ஆகவே பிந்தைய பெட்டியை வாங்குபவரே வளையம் மாற்றும் செலவைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. வயது மட்டும் அளவுகோலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

*ஜேபிஎல் எல்-100:* 1970 இல் வந்த இது, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான 4310 மாதிரியின் வீட்டு வடிவம். கட்டம் கட்டமான பஞ்சு முகமூடியால் எளிதில் அடையாளம் காணலாம். அந்த முகமூடி உதிர்ந்துவிடும் இயல்புடையது. உள்ளே உள்ள வூஃபர் அப்படியல்ல. இதன் புகழ் காரணமாக 2018 இல் அந்நிறுவனம் அதே தோற்றத்தில் புதிய பதிப்பை வெளியிட்டது.

*எல்எஸ்3/5ஏ:* பிபிசியின் ஆய்வுத்துறை 1970களின் தொடக்கத்தில், வெளியிட ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்துக்காக உருவாக்கிய சிறிய ஒலிபெருக்கி. கெஃப் நிறுவனத்தின் வூஃபரும் ட்வீட்டரும் இதில் உள்ளன. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் முதலிய நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரித்தன. மனிதக் குரலைத் தெளிவாகக் காட்டுவதில் பெயர்பெற்றது. இதன் வூஃபரில் இரப்பர் வளையம் இருப்பதால் பல சோடிகள் இன்றும் இயங்குகின்றன.

*யமஹா என்எஸ்-10:* 1978 இல் வீட்டுக்காக வந்து, பின்னர் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பிடித்தது. வெண்ணிறக் காகிதக் கூம்பு இதன் அடையாளம். இதன் உற்பத்தி 2001 இல் நிறுத்தப்பட்டது.

இத்தகைய புகழ்பெற்ற மாதிரிகளின் விலை இப்போது உயர்ந்துள்ளது. பணத்துக்கேற்ற பயன் தேடும் மாணவர், இவற்றைத் தேடுவதைவிட, அதிகம் பேசப்படாத ஆனால் நன்கு செய்யப்பட்ட பெட்டிகளைத் தேடுவதே பொருத்தம்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரியா, வரிசை எண்கள் அருகருகே உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முகமூடியைக் கழற்றி, இரண்டிலும் ஒரே வகை வூஃபரும் ட்வீட்டரும் உள்ளனவா என்று ஒப்பிட வேண்டும். ஒன்றில் மட்டும் வேறு உறுப்பு மாற்றப்பட்டிருந்தால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கா.

2. விளிம்பு வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். பிசுபிசுத்தாலோ பொடி ஒட்டினாலோ அது பஞ்சு, அதன் காலம் முடிந்துவிட்டது என்று பொருள்.

3. இரு கை விரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, சமமாகவும் மென்மையாகவும் சிறிதளவு உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். கரகர என்ற உரசல் கேட்டால் சுருள் நடுவில் இல்லை அல்லது கருகி உப்பியுள்ளது. ட்வீட்டரை மட்டும் தொடவே கூடாது.

4. மல்டிமீட்டரால் வூஃபரின் மின்தடையை அளக்கலாம். 8 ஓம் என்று குறிக்கப்பட்டதில் சுமார் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் என்பதில் சுமார் 3 முதல் 3.5 ஓம் வரை காட்டும். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம். கிராஸ்ஓவரில் உள்ள மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆகவே ட்வீட்டரை அளக்க அதன் முனைகளிலேயே மீட்டரை வைக்க வேண்டும்.

5. பழகிய பாடல் ஒன்றைக் குறைந்த ஒலியளவில் ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு ட்வீட்டரின் அருகிலும் காதை வைத்துக் கேட்க வேண்டும். ஒன்று மங்கலாகவோ ஊமையாகவோ இருந்தால் குறை ட்வீட்டரிலோ கிராஸ்ஓவரிலோ இருக்கிறது.

6. ஒரே குரல் மட்டும் பேசும் பதிவை மோனோவாக ஒலிக்கவிட்டு, இரு பெட்டிகளுக்கும் நடுவில் அமர வேண்டும். குரல் சரியாக நடுவிலிருந்து வருவதுபோல் தோன்ற வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் இரண்டும் சமநிலையில் இல்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், தாழொலியும் குறைந்திருந்தால், ஒரு பெட்டியின் இணைப்பு தலைகீழாக உள்ளது.

7. வெவ்வேறு அதிர்வெண்களில் ஒலி எழுப்பும் கைபேசிச் செயலியை ஆம்ப்ளிபயருடன் இணைத்து, 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றிக் கேட்கலாம். எங்கேனும் அதிர்ந்து இரைந்தால், கிழிசலோ பெட்டியில் தளர்ந்த மூட்டோ இருக்கக்கூடும்.

விற்பவர் ஒலிக்கவிட்டுக் காட்ட மறுத்தால், அதைப் பழுதான பெட்டியாகக் கருதியே விலை பேச வேண்டும்.

ஆம்ப்ளிபயருடன் பொருத்தம்

பெட்டியின் பின்புறம் இரண்டு விவரங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது ஓம் அளவு. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு மட்டுமே ஏற்ற ஆம்ப்ளிபயரில் 4 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால், அது அதிக மின்னோட்டத்தை இழுத்து ஆம்ப்ளிபயரைச் சூடாக்கும்.

இரண்டாவது உணர்திறன். இது, 1 வாட் திறன் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளக்கும் ஒலியின் டெசிபெல் அளவு. 3 டெசிபெல் குறைந்தால், அதே ஒலியளவுக்கு இரு மடங்கு திறன் தேவை. 91 டெசிபெல் உணர்திறன் கொண்ட பெட்டிக்கு 5 வாட் போதுமான இடத்தில், 82 டெசிபெல் கொண்ட பெட்டிக்கு 40 வாட் தேவைப்படும்.

கோயில் திருவிழாக்களிலும் கூட்டங்களிலும் கட்டும் ஒலிபெருக்கிகளைச் சிலர் பழைய கடைகளில் வாங்குவதுண்டு. அவற்றில் பல, நீண்ட கம்பித் தொலைவுக்காக 100 வோல்ட் மின்மாற்றியுடன் வருபவை. வீட்டு ஆம்ப்ளிபயரில் அவற்றை நேரடியாக இணைத்தால் சரியாக வேலை செய்யா.

பழுது நீக்குதல்

பஞ்சு வளையம் உதிர்ந்த வூஃபரை ஒலிக்கவிடக் கூடாது. வெளி ஓரத்தில் தாங்குவது எதுவும் இல்லாததால் சுருள் ஒரு பக்கம் சாய்ந்து காந்தத்தில் உரசக்கூடும். அப்போது வளையம் மாற்றும் சிறு செலவில் முடிந்திருக்க வேண்டிய வேலை, சுருளையும் கூம்பையும் மாற்றும் பெருஞ்செலவாகிவிடும்.

வளையம் மாற்ற, முதலில் கூம்பின் வெளிவிட்டத்தையும் சட்டத்தின் உள்விட்டத்தையும் அளந்து அதற்கேற்ற வளையம் வாங்க வேண்டும். பழைய பஞ்சையும் பசையையும் கூம்பு கிழியாமல் சுரண்டி எடுக்க வேண்டும். புதிய வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிட வேண்டும். பின்பு சட்டத்தில் ஒட்டும்போது, சுருள் உரசாமல் நடுவில் நிற்கிறதா என்று கூம்பை மெல்ல அசைத்து அசைத்துப் பார்க்க வேண்டும். 30 ஹெர்ட்ஸ் அளவிலான மெல்லிய ஒலியைச் செலுத்தியபடி ஒட்டுவதும் உண்டு. காகிதக் கூம்புக்கு, காய்ந்த பின்னும் வளையும் வெண்பசை ஏற்றது. உடனே இறுகி விறைக்கும் பசை ஆகாது. ஒரு பெட்டியில் மட்டும் பழுதானாலும் இரண்டிலும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

பஞ்சுக்குப் பதிலாக இரப்பர் வளையம் போட்டால் நெடுநாள் உழைக்கும் என்று சிலர் பரிந்துரைப்பர். இரப்பர் கனமானது, அதனால் வூஃபரின் அதிர்வியல்பும் தாழொலியும் மாறும். முதலில் எந்த வகை இருந்ததோ அதையே போடுவது பாதுகாப்பானது.

மின்தேக்கியை மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் மதிப்பும், அதே அளவு அல்லது கூடுதல் வோல்ட் மதிப்பும் கொண்டதாகப் பார்க்க வேண்டும். நேர், எதிர் முனைகள் குறிக்கப்பட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் வகையை இங்கே பயன்படுத்தக் கூடாது. முனைவேறுபாடற்ற வகையே வேண்டும்.

இவ்வேலைகளைத் தாமே செய்யத் தயங்குவோர், சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் சந்தைகளில் விசாரிக்கலாம். கூம்பும் சுருளும் மாற்றித் தரும் கைவினைஞர்கள் பல ஊர்களில் உள்ளனர். வாங்கும் விலையுடன் இச்செலவையும் கூட்டிப் பார்த்த பின்பே முடிவெடுக்க வேண்டும்.

பேணும் முறை

- சன்னல் வழியே நேர் வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது.
- ஈரச் சுவரை ஒட்டியோ வெறுந்தரையிலோ வைக்காமல், சிறு தாங்கியின் மேல் வைக்க வேண்டும். கரையான் ஏறினாலும் உடனே கண்ணில் படும்.
- மழைக்காலத்தில் நெகிழிப் பையால் இறுக மூடக் கூடாது. உள்ளே ஈரம் தங்கிவிடும். பருத்தித் துணியால் போர்த்தலாம்.
- கூம்பின் தூசியை மென்மையான தூரிகையால் மட்டுமே நீக்க வேண்டும். நீரோ எண்ணெயோ படக் கூடாது.
- இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.
- ஒலி கரகரத்தால் உடனே ஒலியளவைக் குறைக்க வேண்டும். ஒலிபெருக்கியின் ஆயுளைக் காப்பதில் இதைவிட முக்கியமான பழக்கம் வேறில்லை.
- சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் முகமூடியைக் கழற்றாமல் வைப்பதே நல்லது. குவிமாட ட்வீட்டரை ஒரு விரல் அழுத்திக் கெடுத்துவிடும்.

புதியது வாங்க வேண்டிய நேரம்

எல்லாப் பழைய பெட்டிகளும் வாங்கத் தக்கவை அல்ல. கருகிய ட்வீட்டருக்கு மாற்று கிடைக்காத மாதிரி, பலகை உப்பிய பெட்டி, உள்ளே வேறு வேறு உறுப்புகள் பொருத்தப்பட்ட சோடி ஆகியவற்றைத் தவிர்க்கலாம். மிகச் சிறிய அறைக்குப் பெரிய பெட்டிகள் ஒத்துவரா. உறுதிமொழிச் சீட்டும், பழுதானால் திருப்பித் தரும் வசதியும் வேண்டுவோருக்குப் புதியதே ஏற்றது.

கம்பியில்லா இணைப்பு மட்டுமே வேண்டுவோர் புதிய சிறு ஒலிபெருக்கிகளை நாடலாம். ஆனால் அவற்றின் உள்ளே உள்ள லித்தியம்-அயன் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். சில கருவிகள் நிறுவனத்தின் செயலியை நம்பி இயங்குபவை. அச்செயலிக்கான ஆதரவு நின்றால் கருவியும் முடங்கலாம். பழைய பெட்டியின் பின்புறம் இருப்பதோ இரண்டே இணைப்பு முனைகள். அன்றைய ஆம்ப்ளிபயருடனும் இன்றைய ஆம்ப்ளிபயருடனும் அது இணையும். கைபேசியிலிருந்து வரும் பாடலையும் அந்த ஆம்ப்ளிபயர் வழியே ஒலிக்கும்.

ஆகவே பரணில் கிடக்கும் ஒரு சோடியை எடைக்குப் போடும் முன், முகமூடியைக் கழற்றி வளையத்தைத் தொட்டுப் பார்ப்பதும், மல்டிமீட்டரை ஒருமுறை வைத்துப் பார்ப்பதும் பயனுள்ளவை. பத்து நிமிடச் சோதனை, அது குப்பையா இன்னும் இருபது ஆண்டு உழைக்கக்கூடிய பொருளா என்பதை ஓரளவு தெளிவாகவே காட்டிவிடும்.